அண்டை நாட்டில் அனுமதி உள்ள விதையை இங்கே விதைக்கலாமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பருத்தி விவசாயிகளே, "களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி", "பி.ஜி. 3" என்ற பெயர்களில் பில் இல்லாத விதைகள் நாட்டின் பல பகுதிகளில் விற்கப்படுகின்றன. "வெளிநாட்டில் எல்லோரும் போடுகிறார்கள்" என்று சொல்லியே இவற்றை விற்கிறார்கள். ஒரு நாட்டின் அனுமதி இன்னொரு நாட்டில் செல்லாது என்பதை நினைவில் வையுங்கள்.

நம் நாட்டு அனுமதி

மரபணு மாற்றுப் பயிர்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணு பொறியியல் மதிப்பீட்டுக் குழு ஆராய்கிறது. பி.டி. பருத்திக்கு 2002-லும், இரண்டு மரபணு கொண்ட பி.ஜி. 2 பருத்திக்கு 2006-லும் அனுமதி கிடைத்தது. களைக்கொல்லியைத் தாங்கும் பருத்திக்கு அனுமதி இல்லை.

கத்திரி சொல்லும் பாடம்

இந்தியாவில் உருவான பி.டி. கத்திரி தொழில்நுட்பத்தை 2010 பிப்ரவரியில் நம் அரசு நிறுத்தி வைத்தது. அதே தொழில்நுட்பத்துக்கு வங்கதேசம் 2013-இல் அனுமதி தந்து, மறு ஆண்டே நான்கு ரகங்களை விவசாயிகளிடம் கொடுத்தது. 2019-இல் ஹரியானாவின் பதேகாபாத் மாவட்டத்தில் பி.டி. கத்திரி கண்டுபிடிக்கப்பட்டபோது, நின்ற பயிரை அழித்தார்கள். அங்கே சட்டப்படியான பயிர், இங்கே சட்டவிரோதம்.

நாடுகளின் உடன்பாடு

விதைக்கும் மகரந்தத்துக்கும் எல்லை தெரியாது. அதற்காகவே கார்டஹேனா உயிரிப்பாதுகாப்பு உடன்பாடு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா, வங்கதேசம், இலங்கை ஆகியவை இதில் உறுப்பு நாடுகள். இதன்படி:

* மரபணு மாற்று விதையை முதன்முறை அனுப்பும் முன், பெறும் நாட்டின் ஒப்புதல் வேண்டும். முடிவெடுக்க 270 நாள் அவகாசம் உண்டு.
* தவறுதலாக எல்லை தாண்டி, பாதிப்பு வரக்கூடும் என்றால் அண்டை நாட்டுக்குத் தகவல் தர வேண்டும்.
* சட்டவிரோதமாகப் போயிருந்தால், பாதிக்கப்பட்ட நாடு கேட்கும்போது, புறப்பட்ட நாடு தன் செலவில் திரும்பப் பெறவோ அழிக்கவோ வேண்டும்.

ஆனால் பையில் மறைத்து வரும் விதையை உடன்பாடு மட்டும் தடுக்க முடியாது. கடைசிக் காவல் விதை வாங்கும் நீங்கள்தான்.

உங்களுக்கு என்ன நஷ்டம்?

விதை முளைக்காவிட்டாலும் காய் பிடிக்காவிட்டாலும், பில் இல்லாமல் இழப்பீடு கேட்க வழியில்லை. அதில் பி.டி. மரபணு சரியாக இருக்கிறதா என்று யாரும் உறுதி தருவதில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.ஜி. 2 பருத்தியையே தாக்கும் நிலையில் இது பெரிய ஆபத்து. மேலும், இந்தப் பருத்திக்கு அடிக்கும் கிளைபோசேட் காற்றில் பரவினால் பக்கத்து வயல் உளுந்து கருகும். பிறகு அண்ணன் தம்பிக்குள்ளேயே தகராறுதான்.

செய்ய வேண்டியவை

1. உரிமம் பெற்ற கடையில் மட்டும், குவியல் எண் எழுதிய பில்லுடன் வாங்குங்கள்.
2. பாக்கெட்டில் நிறுவனம், ரகம், முளைப்புத்திறன், சோதனை நாள், காலாவதி நாள் உள்ளனவா என்று பாருங்கள்.
3. காலிப் பாக்கெட்டையும் பில்லையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள்.
4. பி.டி. அல்லாத ரகம் வேண்டுமெனில், ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எஸ்.வி.பி.ஆர். ரகங்களைப் பற்றி அங்கேயே விசாரியுங்கள். இவை வீரிய ஒட்டு அல்ல. நல்ல செடியில் விதை எடுத்து மறுபடியும் விதைக்கலாம்.
5. சந்தேக விதை விற்பனைக்கு வந்தால், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ விதை ஆய்வாளரிடமோ உடனே தெரிவியுங்கள். கிசான் அழைப்பு மையம்: 1800-180-1551.

களை எடுக்கும் கூலி அதிகம்தான், மறுக்கவில்லை. அதற்காக ஒரு பருவ உழைப்பையே பில் இல்லாத பாக்கெட்டை நம்பி விதைக்காதீர்கள்.