வேன் கூரையில் சிபி ரேடியோ ஆன்டெனா: எதை வாங்கணும், எங்கே பொருத்தணும்?

செல்போன் சிக்னல் இல்லாத மலைப்பாதை. அடுத்த வளைவில் விபத்து நடந்து சாலை அடைபட்டிருக்கிறது. பின்னால் வரும் வண்டிக்கு இதை எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்களும் வேனில் ஊர் சுற்றுபவர்களும் இதற்காகத்தான் இன்றும் சிபி ரேடியோவை வைத்திருக்கிறார்கள். ஆனால் ரேடியோவுக்குச் செலவு செய்பவர்கள் பலரும் கோட்டை விடுவது ஆன்டெனாவில்தான்.

சிபி ரேடியோ என்றால் என்ன?

பொதுமக்கள் பேசிக்கொள்ள ஒதுக்கப்பட்ட அலைவரிசை இது. 27 மெகாஹெர்ட்ஸில் 1958-ல் தொடங்கியது. 23 சேனல்களாக இருந்தது, 1977-ல் 40 ஆக உயர்ந்தது. 9-வது சேனல் அவசர உதவிக்கு. 19-வது சேனலில் லாரி ஓட்டுநர்கள் பேசுவார்கள். அமெரிக்காவில் தனிநபர் லைசென்ஸ் தேவையில்லை.

ஆன்டெனா ஏன் இவ்வளவு முக்கியம்?

சாதாரண ஏஎம் முறையில் சட்டம் அனுமதிக்கும் சக்தி வெறும் 4 வாட். எவ்வளவு விலை கொடுத்து ரேடியோ வாங்கினாலும் இதே 4 வாட்தான். அது சில கிலோமீட்டர் போய்ச் சேருமா, பக்கத்து வண்டியோடு நின்றுவிடுமா என்பதை ஆன்டெனாதான் முடிவு செய்கிறது.

எவ்வளவு நீளம் வேண்டும்?

இந்த அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 9 அடி ஆன்டெனா சிறப்பாக வேலை செய்யும். ஆனால் உயரமான கூரை கொண்ட வேனே 9 அடி வரும். அதன் மேல் இன்னொரு 9 அடி என்றால் மொத்தம் 18 அடி. பாலம், மரக்கிளை, மின்கம்பி எல்லாவற்றிலும் இடிக்கும். மின்கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் கம்பியைச் சுருளாகச் சுற்றி நீளத்தைக் குறைத்த ஆன்டெனாக்கள் விற்கப்படுகின்றன. வேனுக்கு 3 முதல் 4 அடி போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நீளம் குறையக் குறைய எட்டும் தூரமும் குறையும்.

எங்கே பொருத்துவது?

உலோகக் கூரையின் நடுப்பகுதிதான் முதல் தேர்வு. கூரைத் தகடு ஆன்டெனாவின் மறுபாதி போலச் செயல்படுகிறது. நடுவில் வைத்தால் எல்லாத் திசையிலும் ஓரளவு சமமாகக் கேட்கும். ஓரத்தில் வைத்தால் தகடு அதிகம் இருக்கும் பக்கமாக சிக்னல் சாயும். பின் இடது மூலையில் பொருத்தினால் முன் வலது பக்கம் நன்றாகக் கேட்கும்.

துளை போட மனமில்லாதவர்கள் காந்த அடிப்பாகம் கொண்ட ஆன்டெனா வாங்கலாம். அவ்வப்போது கழற்றித் துடைக்கணும், இல்லையென்றால் அடியில் மண் சேர்ந்து பெயின்டைக் கீறும். அலுமினியம், ஃபைபர் கூரையில் காந்தம் ஒட்டாது. ஃபைபர் கூரை என்றால், தகடு இல்லாமலே இயங்கும் தனி வகை ஆன்டெனாவை அதற்கான கேபிளுடன் வாங்க வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

* துளை போட்டோ கிளாம்ப் வைத்தோ பொருத்தினால், தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் சேரும்படி இறுக்கணும். பிறகு தண்ணீர் இறங்காமல் அடைக்கணும்.
* 50 ஓம் கோஆக்சியல் கேபிள் போதும். டிவி கேபிள் வேண்டாம்.
* கேபிள் கதவிடுக்கில் நசுங்கக் கூடாது.
* ரேடியோவுக்கான மின்சாரத்தை பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்து நேரடியாக எடுத்தால் இரைச்சல் குறையும்.

எஸ்.டபிள்யூ.ஆர் பார்க்காமல் பேசக் கூடாது, ஏன்?

அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் ரேடியோவுக்கே திரும்பினால், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் சூடாகிக் கருகலாம். ஆன்டெனாவை மாட்டாமல் மைக் பட்டனை அழுத்தவே கூடாது. எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டுவதுதான் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர். இதை ரேடியோவுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவில் இணைக்க வேண்டும்.

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, கதவுகளை மூடி, சேனல் 1-லும் 40-லும் அளக்கணும். 1.5-க்குள் இருந்தால் நல்லது. 2 வரை சமாளிக்கலாம். 3-ஐத் தாண்டினால் பேசவே கூடாது.

சேனல் 1-ல் அளவு அதிகம் என்றால் ஆன்டெனா நீளம் போதவில்லை, கூட்டணும். 40-ல் அதிகம் என்றால் நீளம் கூடுதல், குறைக்கணும். இரண்டிலும் 3-க்கு மேல் காட்டினால் நீளத்தைத் தொட வேண்டாம். தகட்டோடு இணைப்பு சரியில்லை, அல்லது கேபிளில் ஷார்ட். முதலில் அதைச் சரிசெய்யணும்.

இந்தியாவில் பொருத்தலாமா?

அப்படியே செய்ய முடியாது. இங்கே 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், ஆன்டெனா உள்ளேயே அமைந்த கருவிகளுக்குத்தான் லைசென்ஸ் விலக்கு. கூரையில் தனி ஆன்டெனா வைத்தால் இந்த விலக்கு பொருந்தாது. அமெரிக்க ரேடியோவின் 28 முதல் 40 வரையிலான சேனல்களும் இந்த எல்லைக்கு வெளியே போய்விடுகின்றன. வெளிநாட்டில் இருந்து ரேடியோ வாங்கி வர நினைப்பவர்கள், வாங்கும் முன்பே இதை யோசிப்பது நல்லது.