தென்னார்க்காட்டில் மதுவும் சட்டமும்

பண்ருட்டியும் கள்ளக்குறிச்சியும் 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிக்கப்பட்ட பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2001ஆம் ஆண்டின் இறுதியில் பண்ருட்டி வட்டாரத்திலும் 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் கூட்டமாக மாண்டார்கள். ஒரே பழைய மாவட்டத்தின் எல்லைக்குள் இப்பெருந்துயர் ஒரு தலைமுறைக் காலத்தில் ஒருமுறைக்கு மேல் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள, இப்பகுதியில் மதுவை ஆண்ட சட்டங்களின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னை மாகாணத்தின் 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டம், அதாவது மது, போதைப்பொருள் ஆகியவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் வரிக்கு உட்படுத்திய சட்டம், குடிப்பழக்கத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. கள் இறக்கும் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், சாராயத்துக்குத் தீர்வை என்று கட்டப்பட்ட அந்த முறையில், வரி கட்டாமல் வடித்ததே குற்றமாக இருந்தது. தென்னார்க்காட்டின் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தார் சர்க்கரை ஆலையோடு சேர்த்து நடத்திய வடிசாலை போன்ற பெரிய ஆலைகளில் உற்பத்தி குவிந்தது. மேற்பார்வைக்கும் வரித் தண்டலுக்கும் அதுவே எளிதாக இருந்தது. தன் தேவைக்கோ சிறு விற்பனைக்கோ ஊர்ப்புறத்தில் காய்ச்சியவர்கள் அந்த ஏற்பாட்டில் கள்ளச் சாராயக்காரர்கள் ஆனார்கள்.

1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை அண்டை மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது சட்டத்தின் பார்வை முழுதும் மாறியது. அவ்வாண்டின் மதுவிலக்குச் சட்டம் காய்ச்சுவதையும் விற்பதையும் மட்டுமன்றி, வாங்குவதையும் குடிப்பதையும்கூடக் குற்றமாக்கியது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது, ஏனெனில் மதுவிலக்கு நீங்கிய காலங்களிலும் அந்த வரி நீங்கவில்லை. போர்க்காலத்தில் 1943இல் நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. தென்னார்க்காட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அம்மாவட்டத்தின் ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடந்த புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததோடு, அதற்குப் பின்னும் இந்த மதுவிலக்குக்கு வெளியிலேயே நின்றது. எல்லை கடக்கும் குப்பிகளைத் தடுப்பது இம்மாவட்டக் காவலர்களின் நிரந்தரக் கடமையாயிற்று.

ஆயினும், காவல்துறை கண்வைத்த சாராய ஊறலும் பானையும் அல்ல, வேறொரு பொருளே பின்னாளில் பேரழிவைக் கொண்டுவந்தது. மெத்தனால் என்பது வண்ணப்பூச்சு, கரைப்பான், மருந்து ஆகியவற்றின் தயாரிப்பில் பயன்படும் தொழில்துறைச் சாராயம். தோற்றத்திலும் மணத்திலும் அது குடிக்கும் சாராயத்தை ஒத்திருக்கும், ஆனால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகையில் முதலில் பார்வை நரம்பும் பின்னர் உயிரும் பறிபோகின்றன. குடித்தவுடன் வழக்கமான மயக்கமே தோன்றுவதாலும், கொடிய அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே வருவதாலும், அதற்குள் அதே சாராயத்தைப் பலர் பகிர்ந்து குடித்துவிடுகிறார்கள். இந்தப் பொருளின் இருப்பையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்தும் விதிகள் 1959ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டிருந்தன. ஆகவே இங்கு குறைந்திருந்தது சட்டம் அன்று. ஆலையிலிருந்தும் கிடங்கிலிருந்தும் வெளியேறும் பீப்பாய் எங்கே போகிறது என்பதைக் குடிசையில் காய்ச்சும் அடுப்பைத் தேடிய அளவுக்கு எவரும் தேடவில்லை.

1971இல் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கைத் தளர்த்தியதும், 1974இல் அது திரும்பியதும், 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளும் சாராயமும் மீண்டும் விற்கப்பட்டு 1987 தொடக்கத்தில் இரண்டும் தடைசெய்யப்பட்டதும் பலரும் அறிந்தவை. 1983இல் மொத்த விற்பனைக்கென நிறுவப்பட்ட அரசு நிறுவனமான டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. பெயரளவில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே இன்றும் நடப்பில் இருக்க, அதன் திருத்தங்களின்கீழ் அரசே கடை நடத்துகிறது. அன்றாடக் கூலிக்காரருக்கு அக்கடையின் விலை எட்டாதபோது, மலிவான கள்ளச் சாராயத்துக்கு வாடிக்கையாளர் இருந்துகொண்டே இருப்பார். கருணாபுரத்தில் மாண்டவர்களில் பெரும்பாலோர் அத்தகைய ஏழைத் தொழிலாளர்கள்.

தண்டனைகள் இதற்கிடையே கடுமையாகிக்கொண்டே வந்தன. குண்டர் சட்டம் என்று மக்கள் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், கள்ளச் சாராயக்காரரை வழக்கு முடிவுக்குக் காத்திராமல் ஓராண்டு வரை தடுப்புக்காவலில் வைக்க வழிசெய்தது. பண்ருட்டியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரும் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் மடிந்தது அந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான். 2024இல் கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஜூன் மாத முடிவிலேயே சட்டமன்றம், சாவுக்குக் காரணமான சாராய விற்பனைக்கு ஆயுள் சிறையும் பத்து இலட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

இந்நெடிய வரலாற்றில் குடிநோயாளி சட்டத்தின் முன் முதலில் வரி செலுத்துபவராகவும், பின்னர் குற்றவாளியாகவும், அதன்பின் வாடிக்கையாளராகவும் நின்றிருக்கிறார். அவரை நோயாளியாகக் கருதிய முயற்சிகளில் முன்னோடியானது, 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை. அது அரசின் முயற்சி அன்று, தன்னார்வ முயற்சி. மெத்தனால் நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. அது பலன் தருவது தொடக்க மணி நேரங்களில்தான். அந்த மணி நேரங்களில், தான் குடித்தது கள்ளச் சாராயம் என்று மருத்துவரிடம் அஞ்சாமல் சொல்லும் நிலையை 1886 முதல் இயற்றப்பட்ட சட்டங்களில் எதுவும் தென்னார்க்காட்டுக் கூலித் தொழிலாளிக்குத் தரவில்லை.