சோடா சிலிண்டரும் ஒரு கருமச்சமும்

மருவுக்குத் திரவ நைதரசன் வைக்கிறது நேற்று வந்த வைத்தியம் எண்டுதான் நாங்களும் நினைச்சிருந்தம். தேடிப் பாத்தால், 1899இலேயே நியூயோர்க் வைத்தியர் கம்பெல் வைற் திரவக் காற்றைப் பஞ்சில் தோய்த்து மருக்களில் ஒற்றியிருக்கிறார். பலன் இருந்தது. ஆனால் திரவக் காற்று லேசில் கிடைக்கிற சாமான் இல்லை.

1907இல் சிக்காகோவில் வில்லியம் பியூசி சுகமான வழி ஒண்டைப் பிடித்தார். சோடா செய்கிறவர்கள் பாவிக்கிற காபனீரொட்சைட்டு சிலிண்டரைத் திறந்துவிட்டால் வாயு −78 பாகை செல்சியஸில் வெண்பனியாகும். அதை இறுக்கித் தோலில் அழுத்தினார். ஒரு சிறுமியின் முகத்தில் இருந்த, மயிர் முளைத்த பெரிய கருமச்சம் வெளிறியது. தோலின் மற்றக் கலங்களைவிட நிறமிக் கலங்கள் குளிருக்கு முந்திச் சாகும்; அதுகளுக்கு −5 பாகையளவே காணும்.

1950இல் அலிங்ரன் பஞ்சுக்குச்சியால் திரவ நைதரசன் வைக்கத் தொடங்கினார். அது −196 பாகை!

அந்தப் பிள்ளைக்கு உதவின அதே குணம்தான் எங்களுக்குச் சிக்கல். கறுத்த, மாநிறத் தோலில் மரு போன இடம் வெள்ளையாகவே நிண்டுவிடலாம். "மரு போகுமா?" எண்டு வைத்தியரிட்டக் கேக்கிற நாங்கள், "நிறம் திரும்புமா?" எண்டும் கேக்கவேணும். முகமெண்டால் கட்டாயம்.