மின்காந்தத் தூண்டல் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு

காந்தத்தைக் கொண்டு மின்னோட்டத்தை உண்டாக்குவது மின்காந்தத் தூண்டல் எனப்படும். அனல், நீர், காற்று, அணு மின் நிலையங்களில் சுழலும் மின்னியற்றிகள் அனைத்தும் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன. 1820 முதல் 1831 வரை அறிவியலாளர் பலர் தேடியும் இது பிடிபடவில்லை. தேவையான கருவிகள் அவர்களிடம் இருந்தன. ஆனால் அவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, இயற்கையில் நிகழ்ந்தது வேறொன்று.

மின்சாரத்திலிருந்து காந்தம்

1800-இல் இத்தாலியரான வோல்டா தமது மின்கல அடுக்கை அறிவித்தார். தொடர்ச்சியான மின்னோட்டம் முதன்முதலாக ஆய்வாளர் கைக்குக் கிடைத்தது. 1820-இல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டார். அதே ஆண்டில் பாரிசில் ஆம்பியர், ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இணைக் கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்றும், எதிர்த்திசைகளில் பாய்ந்தால் விலக்கும் என்றும் காட்டினார். 1825-இல் இங்கிலாந்தின் ஸ்டர்ஜன், இரும்பின் மேல் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்தார்.

மின்சாரம் காந்தத்தைத் தருமானால், காந்தம் மின்சாரத்தைத் தராதா? வலிமையான காந்தத்தைக் கம்பிச்சுருளின் அருகே வைத்தாலே மின்னோட்டம் தொடர்ந்து பாயும் என்று பலரும் எண்ணினர்.

கொலாடனின் அடுத்த அறை

1825-இல் ஜெனீவாவில் கொலாடன் என்பவர் இதைச் சோதித்தார். காந்தம் நேரடியாகவே கால்வனாமீட்டரின் ஊசியை அசைத்துவிடும் என்பதால், அந்தக் கருவியை நீண்ட கம்பிகளால் இணைத்து அடுத்த அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் செலுத்திவிட்டு நடந்து சென்று பார்த்தபோது ஊசி அசையாமல் நின்றது. காந்தம் நகர்ந்த கணத்தில் மட்டுமே மின்னோட்டம் தோன்றியிருந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துவிட்டது. பிழை நேராமல் இருக்கச் செய்த ஏற்பாடே விடையை மறைத்தது.

பாரடேயின் இரும்பு வளையம்

மைக்கேல் பாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். பள்ளிக் கல்வி குறைவு. 1813 முதல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பணியாற்றினார். 1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச்சுருள்களைச் சுற்றினார். ஒன்றை மின்கல அடுக்குடன் இணைத்தார். மற்றதன் கம்பியைக் காந்த ஊசியின் மேலாகக் கொண்டுசென்றார்.

இணைப்புக் கொடுத்தவுடன் ஊசி அசைந்து, பழைய நிலைக்குத் திரும்பியது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. இடையில் மின்னோட்டம் சீராகப் பாய்ந்த நேரத்தில் அசைவே இல்லை. அந்தக் கண நேர அசைவை அவர் தோல்வி என்று ஒதுக்கவில்லை. அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அக்டோபர் 17 அன்று காந்தத் தண்டைச் சுருளுக்குள் நுழைத்தும் வெளியே இழுத்தும் மின்னோட்டம் பெற்றார். அக்டோபர் 28 அன்று பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர் மின்னோட்டம் பெற்றார். இதுவே முதல் மின்னியற்றி. நவம்பர் 24 அன்று இம்முடிவுகள் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டன.

ஹென்றியின் பங்கு

அமெரிக்காவின் ஆல்பனியில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றியும் இதே விளைவைத் தனியாகக் கண்டறிந்தார். ஆனால் அவருடைய கட்டுரை 1832-இல்தான் வெளிவந்தது. முதலில் வெளியிட்டவர் என்ற பெருமை பாரடேயைச் சேர்ந்தது. எனினும் அக்கட்டுரையில் தன்தூண்டல் பற்றியும் ஹென்றி கூறியிருந்தார். மின்தூண்டத்தின் அலகு இன்று ‘ஹென்றி’ எனப்படுகிறது. மின்தேக்குத் திறனின் அலகான ‘பாரட்’ பாரடேயின் பெயரால் அமைந்தது.

பின்விளைவுகள்

1832-இலேயே பாரிசில் பிக்சி என்பவர் கையால் சுழற்றும் மின்னியற்றியைச் செய்தார். பாரடே படமாகச் சித்தரித்த விசைக்கோடுகளுக்கு 1860-களில் மாக்ஸ்வெல் கணித வடிவம் தந்தார். 1882-இல் நியூயார்க்கில் எடிசனின் மின் நிலையம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஒளி வழங்கியது.

பாரடேயின் இரும்பு வளையமே இன்றைய மின்மாற்றியின் முன்னோடி. தெருவோரத்து மின்மாற்றிக்கு மாறுதிசை மின்னோட்டம் தேவைப்படுவதன் காரணமும் அந்த வளையத்திலேயே தெரிந்தது: சீரான மின்னோட்டம் அடுத்த சுருளில் எதையும் தூண்டாது, அது மாறும்போதுதான் தூண்டும்.