எருமைக்கன்றுகள்: தீவன அளவும் வளர்ச்சியும்

எருமைக்கன்று நாள்தோறும் பெறும் தீவனத்தின் அளவு, அதன் எடை கூடும் வேகத்தையும், தின்ற தீவனம் உடலாக மாறும் திறனையும் எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பது கால்நடைப் போஷணை இயலில் பொருளாதார முக்கியத்துவம் மிகுந்த விஷயமாகும். ஹரியானாவின் ரோத்தக், ஹிசார், ஜீந்து வட்டாரங்களைப் பூர்விகமாகக் கொண்ட முர்ரா இனமே இங்குப் பிரதானமாகக் கருதப்படுகிறது. அந்த மாநிலத்திலேயே, கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையமும், 1985-இல் ஹிசாரில் நிறுவப்பெற்ற மத்திய எருமை ஆராய்ச்சி நிலையமும் எருமை வளர்ப்பை ஆராய்ந்து வருகின்றன. தீவன மாற்றுத்திறன் என்பது ஒரு கிலோ எடை கூடுவதற்குச் செலவாகும் உலர்பொருளைக் கொண்டு அளக்கப்படுவது. அவ்வெண் குறையக் குறையத் திறன் மிகும்.

உண்ட உணவின் முதற்பங்கை உடற்பராமரிப்பே எடுத்துக்கொள்கிறது. மூச்சு விடவும், இரத்தம் ஓடவும், உடற்சூட்டைக் காக்கவும் வேண்டிய சக்தி, கன்று வளர்ந்தாலும் வளராவிட்டாலும் செலவாகியே தீரும். அதற்குமேல் எஞ்சுவதே தசையாகவும் எலும்பாகவும் விருத்தியடைகிறது. 100 கிலோ எடையுள்ள கன்றின் பராமரிப்புக்கு நாளொன்றுக்கு 1.6 கிலோ உலர்பொருளும், ஒரு கிலோ வளர்ச்சிக்கு மேலும் 2 கிலோவும் வேண்டுமெனக் கணக்கின் சௌகரியத்துக்காக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2 கிலோ தின்னும் கன்று 200 கிராம் எடை கூடும்; 2.6 கிலோ தின்னும் கன்றோ 500 கிராம் கூடும். தீவனம் 30 விழுக்காடே அதிகமாயிருக்க, வளர்ச்சி இரண்டரை மடங்காகிறது. கிலோ வளர்ச்சிக்கான செலவும் 10 கிலோவிலிருந்து 5.2 கிலோவாகக் குறைகிறது. சிக்கனமென்று கருதிக் குறைத்துப் போடும் தீவனமே உண்மையில் மிகுந்த செலவுடையது என்பதை வளர்ப்போர் அனைவரும் உணர வேண்டும்.

ஆயினும் இவ்வாதாயம் எல்லையற்றதன்று. தீவனம் மிகுதியாகும்போது அது இரைப்பையினூடே விரைந்து கடந்துவிடுவதால் ஜீரணமாகும் விகிதம் சற்றுக் குறைகிறது. வயது ஏற ஏற, கூடும் எடையில் கொழுப்பின் பங்கும் பெருகுகிறது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் அடங்கிய சக்தி, நீர் மிகுந்த ஒரு கிலோ தசையில் உள்ளதைப் போலப் பன்மடங்காகையால், முதிர்ந்த கன்றுக்கு வரம்பின்றித் தீவனமிட்டால் எடை கூடினும் மாற்றுத்திறன் தாழும்.

பிறக்கையில் முர்ரா கன்று சுமார் 30 கிலோ இருக்கும். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பாலும், தொடர்ந்து உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பாலும் கொடுப்பதே சாதாரண விதி. ஆனால் எருமைப்பால் சுமார் 7 விழுக்காடு கொழுப்புடன் நல்ல விலை போவதால், பால் சுரக்கும்வரை மடியில் ஊட்டவிட்டு, சுரந்தவுடன் கன்றை இழுத்துக் கட்டிவிடும் வழக்கம் பரவலாயிருக்கிறது. கடாக்கன்றானால் அலட்சியம் இன்னும் அதிகம். வெறும் கோதுமை வைக்கோலைத் தின்று, குடலில் உருண்டைப்புழுக்களும் பெருகி, வயிறு பானையாய்த் தொங்க, விலா எலும்புகள் தெரிய, மயிர் சொரசொரத்து நிற்கும் கன்றுகளில் பல மடிந்துபோகின்றன. இது தவிர்க்கக்கூடிய நஷ்டமே. சிறிது காலம் தீவனம் குறைந்த கன்று, பின்னர் நன்கு போஷிக்கப்பட்டால் ஈடுசெய்யும் வளர்ச்சியால் விரைந்து தேறும். ஆனால் ஆரம்ப மாதங்களின் கடும் பட்டினியை அவ்வளர்ச்சியாலும் முழுதும் ஈடுசெய்ய இயலாது.

கிடேரிக்கன்றிடம் தீவனத்தின் பலன் பருவமடைதலில் தெரியும். அதனை வயதைவிட எடையே பெரிதும் நிர்ணயிக்கிறது. 30 கிலோவில் பிறந்த கிடேரி 300 கிலோவை எட்ட, நாளுக்கு 300 கிராம் வளர்ந்தால் 900 நாட்களும், 500 கிராம் வளர்ந்தால் 540 நாட்களும் பிடிக்கும். சினைக்காலம் இரண்டுக்கும் ஒன்றே, பத்து மாதங்களுக்குச் சற்று அதிகம்; ஆகையால், மெதுவாக வளரும் கிடேரியின் முதல் ஈற்றும் பால் வருவாயும் அந்த நாள் வித்தியாசத்தின் அளவுக்குப் பிந்துகின்றன.

அளவு மட்டும் போதாது. சேர்க்கையும் பொருந்த வேண்டும். வைக்கோலில் புரதம் மிகக் குறைவாதலால், அசைபோடும் முதல் வயிற்றின் நுண்ணுயிர்கள் பெருக வழியின்றி, தின்றதும் ஜீரணமாவதில்லை. கடுகு அல்லது பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கோ, குளிர்காலத்தில் பெர்சீம் பசுந்தீவனமோ சேர்ந்தால் அதே வைக்கோல் கூடுதலாய்ப் பயன்படும். கறுத்த தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் உடைய எருமை கோடையில் தீவனத்தைக் குறைத்துக்கொள்வதால், விடியற்காலையிலும் சூரியன் சாய்ந்த பின்னும் தீவனமிடுவதும், நீராட்டி நிழலில் கட்டுவதும், தொட்டியில் மீந்ததை மறுநாள் நிறுத்துப் பார்ப்பதும் அவசியமாகின்றன.