65 வருட ஞாபகம்

1846-ம் வருடம் மார்ச் 20-ம் தேதி கோபன்ஹேகனில் ஒரு தச்சர் கப்பலேறினார். அதற்குக் கொஞ்சம் முன்புதான் தட்டம்மை கண்ட சிலரைப் போய்ப் பார்த்திருந்தார். பயணத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்ச் 28-ம் தேதி ஃபாரோ தீவுகளின் டோர்ஷாவ்ன் துறைமுகத்தில் நன்றாகத்தான் இறங்கினார். ஏப்ரல் தொடக்கத்தில் படுத்தார். அடுத்து அவருடைய நெருங்கிய நண்பர்கள் இருவர். அதற்கப்புறம் தடுக்க ஆளில்லை. அந்தத் தீவுகளில் அப்போது இருந்தவர்கள் 7,782 பேர். ஏறக்குறைய அரை வருடத்துக்குள் அவர்களில் சுமார் 6,000 பேருக்கு அம்மை போட்டுவிட்டது.

நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, வட அட்லாண்டிக் கடலில் கிடக்கும் தீவுக் கூட்டம் அது. டென்மார்க் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டது. வணிகம் முழுக்க அரசின் ஏகபோகம் என்பதால் கண்ட கப்பலும் அங்கே ஒதுங்க முடியாது. சாமான்கள் வருவது குறைவு, நோய்கள் வருவதும் குறைவு. தட்டம்மை அதற்கு முன் அங்கே வந்தது 1781-ல். நடுவில் 65 வருடம் அந்த நோயே இல்லை.

டென்மார்க் அரசு இரண்டு இளம் மருத்துவர்களை அனுப்பியது. ஒருவர் ஆகஸ்ட் மானிகுஸ். இன்னொருவர் பீட்டர் லுட்விக் பானும். முந்தின வருடம்தான் பட்டம் வாங்கியவர், வயது 25. கையில் மருந்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கிருமி என்கிற எண்ணமே மருத்துவ உலகில் இன்னும் வேர்விடாத காலம். கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று பெரிய பெரிய பேராசிரியர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். பானும் செய்தது ஒன்றே ஒன்றுதான். தீவு தீவாக, ஊர் ஊராகப் போய்க் கேட்டார். யாருக்கு எப்போது வந்தது? அதற்கு முன் யாரைப் பார்த்தீர்கள்? எத்தனை நாள் கழித்துத் தடிப்பு வந்தது? 52 ஊர்களில் கேட்டு எழுதிக்கொண்டார்.

அதில் எனக்குப் பிடித்த பதிவு ட்யோர்னுவிக் என்கிற சின்ன ஊரைப் பற்றியது. ஜூன் 4-ம் தேதி அந்த ஊரிலிருந்து பத்து ஆண்கள் ஒரு படகில் வெஸ்ட்மன்னா துறைக்குப் போய்த் திமிங்கில வேட்டையில் கலந்துகொண்டார்கள். அங்கே பெருங்கூட்டம். ஜூன் 18-ம் தேதி பத்துப் பேருக்கும் ஒரே நாளில் தடிப்பு வந்தது. சரியாகப் பதினான்கு நாள். கெட்ட காற்றுக்கு இப்படிக் காலண்டர் பார்த்து வரத் தெரியாது, இல்லையா? மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றி, உள்ளே ஏதோ வேலை செய்து, நாள் கணக்கில் வெளியே வருகிறது. நுண்ணோக்கி இல்லாமல், வெறும் விசாரிப்பிலேயே பானும் இதைப் பிடித்துவிட்டார்.

ஆனால் அவர் புகழ்பெற்றது இன்னொரு கவனிப்புக்காக. ஊரே படுத்துக் கிடந்தபோது சில கிழவர்களும் கிழவிகளும் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். 1781-ல், சிறு வயதில், தட்டம்மை வந்து பிழைத்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட 98 பேரைப் பானும் கணக்கெடுத்தார். ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை. வயதானவர்களை அந்த நோய் தொடாதோ என்று கேட்கலாம். அதையும் அவர் பார்த்து வைத்தார். 1781-ல் தப்பித்த முதியவர்கள், நோயாளியின் பக்கத்தில் போனதும் இப்போது விழுந்தார்கள். ஆகவே காரணம் வயது இல்லை. அந்த 98 பேரின் உடம்பு ஒரு விஷயத்தை 65 வருடமாக மறக்காமல் வைத்திருந்தது.

ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பது அதற்கு முன்பே மக்களுக்குத் தெரிந்ததுதான். கிமு 430-ல் ஏதென்ஸைக் கொள்ளைநோய் தாக்கியபோது, அதில் விழுந்து எழுந்த தூசிடிடீஸ் இதை எழுதி வைத்தார்: பிழைத்தவர்களை அது மறுபடி கொல்லும் அளவுக்குத் தாக்கவில்லை, நோயாளிகள் மேல் அதிகம் இரக்கப்பட்டவர்களும் அவர்கள்தான். நம்ம வீடுகளிலும் இதே வழக்கம் உண்டு. எனக்குச் சின்னம்மை போட்டபோது பாய் விரித்து, வேப்பிலை வைத்து, பக்கத்திலேயே இருந்தவர் பெரியம்மாதான். "எனக்குத்தான் முன்னாடியே வந்து போயிருச்சே, இனிமே என்ன பண்ணும்" என்றார். ஆயிரக்கணக்கான வருட மருத்துவ அறிவு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

பானும் கூடுதலாகத் தந்தது ஒரு முக்கியமான உண்மை. சாதாரண ஊரில் அம்மை அடிக்கடி வந்துபோகும். அங்கே ஒருவருக்கு மறுபடி வரவில்லை என்றால், கிருமி அவ்வப்போது வந்து உடம்புக்கு நினைவூட்டிவிட்டுப் போகிறது என்று சொல்லிவிடலாம். ஃபாரோவில் நினைவூட்ட யாரும் வரவில்லை. உடம்பு தானாகவே ஞாபகம் வைத்திருந்தது.

அந்த ஞாபகம் எங்கே இருக்கிறது? இதற்கு விடை கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. கிருமி நுழைந்ததும் முதலில் ஓடி வரும் வெள்ளையணுக்கள் யார் எவர் என்று பெரிதாகப் பார்ப்பதில்லை. அந்நியன் என்று தெரிந்தால் விழுங்கப் பார்க்கும். இன்னொரு படை மெதுவாகக் கிளம்புவது. பி செல், டி செல் என்று பெயர். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். பூட்டுக்கு ஏற்ற சாவி அகப்பட்டதும் அந்த ஒரு செல் பல்கிப் பெருகும். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுகிறதே, அது இந்தப் பெருக்கம் நடக்கும் இடம்தான். இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். சண்டை முடிந்ததும் பெரும்பாலான செல்கள் செத்துப்போகும். கொஞ்சம் மட்டும் தங்கிவிடும். சில நினைவுச் செல்களாகச் சுற்றி வரும். சில எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 1918 ஃப்ளூ காலத்தில் வாழ்ந்த 32 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வயது 91 முதல் 101 வரை. தொண்ணூறு வருடம் கழித்தும் அந்த ஃப்ளூவுக்கு எதிரான ஆன்டிபாடி அவர்களிடம் இருந்தது.

இதுவரை இது சந்தோஷமான கதை. இனிமேல்தான் சிக்கல்.

தட்டம்மைக் கிருமி உடம்புக்குள் தேடிப் போவது எதை என்று பார்த்தால், இதே நினைவுச் செல்களைத்தான். அவற்றின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. தடிப்பு என்று நாம் வெளியே பார்ப்பது, தொற்று கண்ட செல்களை உடம்பு தானே அழிப்பதன் அடையாளம். அழிகிறவற்றில் பழைய நோய்களின் ஞாபகமும் சேர்த்தி. 1908-லேயே வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே இதன் நிழலைக் கண்டார். காசநோய்க் கிருமியை ஏற்கெனவே அறிந்திருந்த குழந்தைகளின் தோல், சோதனை ஊசிக்குச் சிவந்து தடிக்கும். தட்டம்மை வந்த நாட்களில் அந்தத் தோல் சும்மா இருந்தது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளிடம் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது.

அதாவது தட்டம்மை தன்னைப் பற்றிய ஞாபகத்தை உயிருள்ளவரை விட்டுப்போகிறது; மற்ற ஞாபகங்களை அள்ளிக்கொண்டு போகிறது. ஃபாரோவின் அந்தக் கிழவர்களும் 1781-ல் இதைக் கொடுத்துத்தான் அதை வாங்கியிருப்பார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. பல பெற்றோர்கள் தயங்கினார்கள். அப்போதும் இப்போதும் எனக்கு அடிக்கடி காதில் விழும் வாதம் ஒன்று: "இயற்கையா வந்து போனாத்தான் உடம்புக்கு நல்லது, எதிர்ப்பு சக்தி ஆயுசுக்கும் நிக்கும்." இதைச் சொல்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. பின்பாதி உண்மைதான், பானும் கணக்கே சாட்சி. சிக்கல் முன்பாதியில்.

பானும் எண்ணியது 98 பேரை. அவரால் எண்ண முடிந்தது அவர்களை மட்டும்தான், 1781-ஐத் தாண்டி வந்தவர்களை. தட்டம்மையில் போன குழந்தைகள், தட்டம்மையைத் தாண்டி, ஞாபகம் கரைந்த உடம்போடு அடுத்த நோயில் போன குழந்தைகள், இவர்களெல்லாம் 1846-ல் வாசலில் வந்து நின்று பதில் சொல்ல இல்லை. "எங்க காலத்துல எல்லாருக்கும் வந்துச்சு, நாங்க நல்லாத்தானே இருக்கோம்" என்று சொல்ல ஒருவர் உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த வாக்கியத்தில் மற்றவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள்.

1963-ல் வந்த தடுப்பூசியில் இருப்பதும் உயிருள்ள தட்டம்மைக் கிருமிதான், ஆனால் பல்லைப் பிடுங்கியது. உடம்புக்கு முகத்தைக் காட்டும். பழைய ஞாபகத்தை அழிக்காது. இரண்டு தவணை போட்டால் நூற்றுக்குச் சுமார் 97 பேருக்குப் பாதுகாப்பு. மிச்சம் மூன்று பேரைக் காப்பது சுற்றியிருப்பவர்களின் ஞாபகம்.

பானும் தன் அறிக்கையை 1847-ல் வெளியிட்டார். நோய்க்கு மருந்து எதையும் அவர் அதில் சொல்லவில்லை. நோயாளியைப் பிரித்து வை, வராதவர்களைக் காப்பாற்று என்பதுதான் அவரால் கொடுக்க முடிந்த யோசனை. 98 கிழவர்களிடம் இருந்த அந்தப் பாதுகாப்பை, படுக்கையில் கிடந்த ஒரு குழந்தைக்கு எடுத்துக் கொடுக்க அவருக்கு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், காசு வாங்காமல் போடுகிறார்கள்.