கொன்சால்வெஸ், யாக்கோமே (1676–1742)

கோவாவின் திவார் தீவில் பிறந்த ஓரட்டோரியன் சபைக் குரு. தமிழ், சிங்கள நூலாசிரியர், பாடலாசிரியர். 1705இல் இலங்கை வந்து யோசவ் வாஸ் அடிகளின் பணியில் இணைந்தார். கரையோரத்தில் கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலம் அது.

இவர் பெயரை நிலைநிறுத்துவது இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ‘வியாகுலப் பிரசங்கம்’. தவக்காலத்தில் இதை ஒப்பாரி இராகத்தில் இழுத்து வாசிப்பார்கள். தாளில் கனக்கும் வசனம் காதில் அழுகையாகவே விழும். கண்ணால் படித்து இதை எடைபோடுவது வீண். லைப்சிக் ஆலயத்தில் யோகான் செபஸ்டியன் பாக் பாடுகளின் இசையை அரங்கேற்றியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். ஆனால் கொன்சால்வெஸின் பாட்டுக்கு ஆர்கனும் இல்லை, வாத்தியக் குழுவும் இல்லை, குரல்தான் எல்லாம்.

1742 ஜூலை 17 அன்று புத்தளம் மாவட்டத்துப் போலவத்தையில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.